வண்டியாகப் பிறந்த வீடு

வீடு வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகம், வண்டி வாங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகம். இதில் நமக்குக் குழப்பமே கிடையாது. வீட்டுக்குக் கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. வண்டிக்கு ஆர்.சி. புக், இன்சூரன்ஸ். புது வீட்டுக்குக் குடிபோன ஒருவர், "வீட்டுக்குப் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் போய்விட்டு வருகிறேன்" என்று சொன்னால், மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைப்போம்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது நடக்கிற காரியம். தொழிற்சாலையில் செய்து, லாரியில் மாட்டி இழுத்து வந்து மனையில் நிறுத்தும் வீடுகளில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் அங்கே வசிக்கிறார்கள். கதவு, ஜன்னல், சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள முழு வீடு. ஆனால் சட்டத்தின் கணக்கில் அது முதலில் ஒரு வண்டி. காருக்கு என்ன வகைச் சான்று கொடுக்கிறார்களோ அதே வகைச் சான்றுதான் அதற்கும். இந்த ஏற்பாடு எப்படி வந்தது, அதனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை இன்று சொல்லப் பார்க்கிறேன். கட்டுரை கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையைப் பிரான்சிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனின் பழக்கதோஷம் என்று சிரிக்கலாம். காரணம் உண்டு. சிறுவயதில் வகுப்பில் நாங்கள் கற்ற சொற்களில் ஒன்று மெபிள். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் மெபிள். இன்னொன்று இம்மெபிள், அது பெரிய கட்டடம். பிற்பாடு அரசு வேலையில் சேர்ந்து பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் புரட்ட நேர்ந்தபோதுதான் இவை இரண்டும் சட்டச் சொற்கள் என்று தெரிந்தது. ஒன்று அசையும் சொத்து, மற்றது அசையாச் சொத்து. உலகத்தில் உள்ள பொருள்கள் அத்தனையையும் பிரெஞ்சுச் சட்டம் இந்த இரண்டு பெட்டிகளில்தான் போட்டு வைத்திருக்கிறது.

நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த சிவில் சட்டத் தொகுப்பில் இதற்காகவே தனி அத்தியாயம் இருக்கிறது. படித்தால் வேடிக்கையாக இருக்கும். தூண் நட்டு நிறுத்திய காற்றாலையும் நீராலையும் அசையாச் சொத்து. அதே ஆலையைப் படகின் மேல் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டால் அசையும் சொத்து. மாவு அரைப்பது இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று நிலத்தோடு ஒட்டியிருக்கிறது, இன்னொன்று ஒட்டவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் நிலத்தின் உபயோகத்துக்காக வைத்த கூட்டுப் புறாக்களையும் குளத்து மீன்களையும்கூட அசையாச் சொத்து என்று அந்தச் சட்டம் எழுதியது! பறக்கிற புறா அசையாதது, மிதக்கிற ஆலை அசைவது. ஆக, ஒரு பொருள் உண்மையில் நகருமா என்பது மட்டும் கேள்வியல்ல. அது நிலத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதையும் சட்டம் பார்க்கிறது. ஆங்கிலேயச் சட்டம் வேறு வழியாக வந்தாலும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டது. அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது.

இந்தப் பிரிவினையால் வரும் முக்கியமான விளைவு காகிதம்தான். நிலத்துக்குப் பத்திரம் வேண்டும், பதிவு வேண்டும். அசையும் பொருளுக்கு அது தேவையில்லை. யார் கையில் நல்லெண்ணத்தோடு பொருள் இருக்கிறதோ அவரையே சொந்தக்காரராகக் கொள்ளலாம் என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் பழைய விதி. தொலைந்த அல்லது திருட்டுப் போன பொருளாக இருந்தால் மட்டும் பறிகொடுத்தவர் மூன்று வருடத்துக்குள் வந்து கேட்கலாம். யோசித்துப் பார்த்தால் நியாயமான விதிதான். நம் வீட்டு நாற்காலிக்கும் குத்துவிளக்குக்கும் யார் பத்திரம் வைத்திருக்கிறோம்? மாட்டைக்கூடச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, கயிற்றைக் கை மாற்றினால் வியாபாரம் முடிந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது மோட்டார் கார். அதற்கு முன்னால் அவ்வளவு விலை உயர்ந்த பொருள் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நகையைத் திருடலாம், ஆனால் நகை தானாக ஓடாது. குதிரையைத் திருடலாம், ஆனால் அக்கம்பக்கத்தில் அது யார் வீட்டுக் குதிரை என்று தெரியும். காரை ராத்திரி எடுத்தால் விடியும்போது வேறு மாநிலத்தில் இருக்கலாம். ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற ஒரே வகைக் காரை 1.5 கோடிக்கு மேல் செய்து தள்ளியது. அவற்றில் பல வருடங்கள் வந்தவை கறுப்பு நிறம் ஒன்றுதான். தெருவில் நிற்கும் பத்துக் கார்களில் தன்னுடையது எது என்று சொந்தக்காரரே தடுமாறுகிற நிலை.

தொடக்கத்தில் அரசாங்கங்கள் இதை உரிமைப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. ஆளை அடையாளம் காணும் பிரச்சினையாகத்தான் பார்த்தன. பாரிஸ் நகரப் போலீஸ் தலைமை 1893 ஆகஸ்ட் 14-இல் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் சொந்தக்காரரின் பெயர், முகவரி, ஓர் எண் ஆகியவற்றைத் தாங்கிய தகட்டைச் சுமக்க வேண்டும். கோழியை அடித்துவிட்டுப் புழுதியோடு மறைகிறவன் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1901-இல் பதிவைக் கட்டாயமாக்கியது. அங்கே அரசு தகடு கொடுக்கவில்லை. சொந்தக்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளை மரத்திலோ தோலிலோ தானே எழுதி வண்டியின் பின்னால் தொங்கவிட வேண்டும். மாநில அரசே தகடு செய்து கொடுத்தது முதலில் மாசசூசெட்ஸில், 1903-இல்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பதிவு என்பது வேறு, உரிமைச் சான்று என்பது வேறு. இந்த வண்டி சாலையில் ஓட அனுமதி பெற்றது, இன்னார் பொறுப்பு என்று சொல்வது பதிவு. இந்த வண்டி இன்னாருடைய சொத்து என்று சொல்வது உரிமைச் சான்று. பிரான்சில் கர்த் கிரீஸ் என்ற சாம்பல் அட்டை இன்றைக்கும் முதல் வகைதான். அதைக் காட்டி வண்டி என்னுடையது என்று கோர்ட்டில் அடித்துச் சொல்ல முடியாது.

நம் நாட்டு ஆர்.சி. புக்கும் பெரும்பாலும் அந்த ரகமே. கார் விற்பனை என்பது சட்டப்படி ஒரு சரக்கு விற்பனை; பணம் வாங்கி வண்டியைக் கொடுத்துவிட்டால் உரிமை மாறிவிடலாம். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். ஒரு வண்டி நாலு கை மாறி, நாலாவது ஆளிடம் இருக்கும்போது விபத்து நடந்த வழக்கில், புத்தகத்தில் பெயர் இருந்த முதல் ஆள்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், அதற்கு ஃபாரம் 29, பெயர் மாற்ற ஃபாரம் 30 என்று சட்டமும் விதிகளும் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. பழைய ஸ்கூட்டரைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நம்மில் நிறைய உண்டு. அவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

அமெரிக்க மாநிலங்கள் இதைவிட ஒரு படி மேலே போயின. திருட்டு பெருகியதுதான் காரணம். திருடிய காரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கி 1919-இல் சட்டம் வந்தது. திருடனைப் பிடிப்பது ஒரு பக்கம். திருட்டுக் காரை விற்கவே முடியாமல் செய்வது இன்னொரு பக்கம். 1920-களில் பல மாநிலங்கள் இந்த இரண்டாவது வழியில் இறங்கின. பதிவுக்குமேல் தனியாக 'டைட்டில்' என்ற உரிமைச் சான்றைக் கொண்டுவந்தன. மாநிலங்களுக்கெல்லாம் ஒரு மாதிரிச் சட்டம் 1926-இல் எழுதப்பட்டது. எல்லோரும் உடனே ஏற்கவில்லை. கார்கள் நெருக்கியடிக்கும் நியூயார்க் மாநிலத்தில் 1973-ஆம் வருட மாடலிலிருந்துதான் டைட்டில் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய மாடல்களுக்கு இன்றும் பதிவுச் சீட்டுதான் உரிமைக்கும் ஆதாரம்.

டைட்டில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் நம் நிலப் பத்திர முறையின் சாயல் தெரியும். தொழிற்சாலையிலிருந்து கார் வெளியே வரும்போதே அதற்கு ஒரு பிறப்புச் சான்று எழுதப்படுகிறது. நம் பாஷையில் தாய்ப் பத்திரம். அதை உற்பத்தியாளர் டீலருக்கு எழுதிக் கொடுப்பார், டீலர் வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுப்பார். வாங்கியவர் அதை மாநில அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு டைட்டில் பெறுவார். வண்டியின் அடையாள எண், சொந்தக்காரர் பெயர், கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் பெயர் எல்லாம் அதன் முகப்பிலேயே இருக்கும். அந்தக் கடைசி விஷயம் பெரியது. தனியாக வில்லங்கம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை; வில்லங்கம் பத்திரத்தின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. நம் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறுவதைப்போல. விற்கும்போது டைட்டிலின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை ஒப்படைத்துத் தன் பெயரில் புதியதைப் பெறுவார்.

பெயர் எழுதும் இடத்தில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரில் வாங்கும்போது நடுவில் 'மற்றும்' போடுகிறோமா 'அல்லது' போடுகிறோமா என்பதைப் பொறுத்துப் பல மாநிலங்களில் தலையெழுத்தே மாறும். 'மற்றும்' என்றால் விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். 'அல்லது' என்றால் ஒருவர் போட்டாலே போதும். ஆபீஸ் கோப்புகளில் ஒரு கால்புள்ளியால் காரியம் கெட்டதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

திருடர்களும் சும்மா இருக்கவில்லை. எண்ணைச் சுரண்டினார்கள், 1981-ஆம் வருட மாடல் முதல் 17 எழுத்து கொண்ட ஒரே சீரான அடையாள எண் முறை வந்தது. ஓடிய மைல் கணக்கைத் திருப்பி வைத்தார்கள்; 1972-இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது, 1986-இல் அந்தக் கணக்கை டைட்டிலிலேயே எழுத வேண்டும் என்றார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரின் டைட்டிலில் அப்படி முத்திரை குத்தினால், அந்த முத்திரை இல்லாத மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புது டைட்டில் வாங்கினார்கள். இதற்கு அங்கே 'டைட்டில் வெளுப்பது' என்று பெயர். எல்லா மாநிலக் கணக்கையும் இணைக்கும் பட்டியலுக்கு 1992-இல் சட்டம் செய்தார்கள். 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது இந்த வெளுப்பு வேலை மறுபடி பெரிய செய்தியானது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள், பழைய கார் வாங்கும்போது டைட்டில் எந்தெந்த மாநிலம் சுற்றி வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை கார். இனி வீடு.

கார் வந்த சில வருடங்களிலேயே அமெரிக்கர்கள் அதன் பின்னால் சின்ன வண்டியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். ஃப்ளோரிடாவில் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் 1919-இல் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்தார்கள். 'தகர டப்பா சுற்றுலாக்காரர்கள்' என்று பெயர். இழுத்துப்போகும் வண்டி என்பதால் அதற்கும் நம்பர் பிளேட், அதற்கும் மோட்டார் வாகன அலுவலகம். அப்போது அதில் தவறொன்றும் இல்லை. அது வண்டிதான்.

1930-களில் பெருமந்தம் வந்தது. வீட்டை இழந்தவர்கள் விடுமுறைக்கென்று செய்த டிரெய்லரிலேயே குடியேறினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளுக்குக் குவிந்த தொழிலாளர்களைத் தங்கவைக்க அரசே ஆயிரக்கணக்கில் டிரெய்லர் வாங்கியது. போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது நாடு முழுக்க வீட்டுப் பஞ்சம். பத்து வருடத்தில் டிரெய்லர் சுற்றுலாப் பொருளாக இருந்த நிலை மாறி, ஏழை வீடாக ஆகிவிட்டது. காகிதம் மட்டும் மாறவில்லை.

சாலை விதிப்படி வண்டியின் அகலம் 8 அடிக்குமேல் போகக் கூடாது. ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கட்டலாம், ஆனால் நடையும் அறையும் ஒன்றுதான். விஸ்கான்சின் மாநிலத்து உற்பத்தியாளர் எல்மர் ஃப்ரே என்பவர் 1950-களில் 10 அடி அகல வீட்டைக் கொண்டுவந்தார். 'மொபைல் ஹோம்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். 2 அடிதானே என்று நினைக்காதீர்கள். அந்த 2 அடியில் ஓர் ஓரமாக நடை வந்தது, தூங்கும் அறைக்குக் கதவு வந்தது. அதோடு, விருப்பப்பட்ட நேரத்தில் காரில் மாட்டி இழுத்துப்போகிற வசதி போய்விட்டது. தனி அனுமதி, தனி லாரி வேண்டும். பிறகு 12 அடி, 14 அடி என்று வளர்ந்தது. இரண்டு பாதிகளாக இழுத்துவந்து நடுவில் சேர்க்கும் இரட்டை அகல வீடும் வந்தது.

ஆக, இவை தொழிற்சாலையிலிருந்து மனைவரை ஒரே ஒரு பயணம் போகும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, கற்களின் மேல் நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், சாக்கடை இணைத்து, அடிப்பக்கம் தெரியாமல் சுற்றிலும் தடுப்பு வைத்து, வாசலில் பூச்செடி நட்டுவிடுவார்கள். மொபைல் என்ற பெயரே பொருந்தாது, நூற்றில் ஒன்றுதான் மறுபடி நகர்கிறது என்ற கருத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1992-இல் ஒரு தீர்ப்பில் எழுதியது. நகர்த்த ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பழைய வீடாக இருந்தால் நகர்த்தும்போது உடைந்தே போகலாம்.

வீடா, வண்டியா என்ற வழக்கு பல வருடம் கோர்ட் படியேறியது. வரி போடும்போது வீடு என்பார்கள், கடன் கொடுக்கும்போது வண்டி என்பார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் பணியிலிருந்த, வேறு மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விமானப்படைக்காரரின் டிரெய்லர் வீட்டுக்கு உள்ளூர் அதிகாரி சொத்து வரி போட்டார். படைவீரரின் அசையும் சொத்துக்கு அப்படி வரி போடக் கூடாது என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவருக்கு அந்தத் தடவை வண்டி என்றிருந்ததால் லாபம். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

கூட்டாட்சி அரசு 1974-இல் இந்த வீடுகளுக்கான கட்டுமானப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1976 ஜூன் 15 முதல் தொழிற்சாலையில் செய்யும் ஒவ்வொரு பகுதியிலும் சிவப்பு உலோகத் தகடு பதிக்க வேண்டும் என்று ஆனது. 1980-இல் சட்டத்தில் இருந்த மொபைல் ஹோம் என்ற பெயரை எடுத்துவிட்டு, உற்பத்தி செய்யப்பட்ட வீடு என்று திருத்தினார்கள். பெயரில் வீடு வந்துவிட்டது. ஆனால் இலக்கணத்தைப் பாருங்கள்: 8 அடி அகலம் அல்லது 40 அடி நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது நிறுத்திய பிறகு 320 சதுர அடியாவது இருக்க வேண்டும், நிரந்தரமான இரும்புச் சட்டத்தின்மேல் கட்டியிருக்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டம் வீட்டுக்குக் கீழே நிரந்தரமாக இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது வீடு. பாதுகாப்பு விதி மத்தியில், உரிமைச் சான்று மாநிலத்தில் என்பதால் டைட்டில் விஷயம் பழையபடியே தொடர்ந்தது.

இன்றைய நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு, மோட்டார் வாகனத் துறைதான் இந்த வீடுகளுக்கு டைட்டில் கொடுக்கிறது. இரட்டை அகல வீடு என்றால் பாதிக்கு ஒன்று வீதம் இரண்டு டைட்டில்! ஒன்று தொலைந்தால் அரை வீட்டுக்குத்தான் ஆதாரம். வாடகை மனையில் நிற்கும் வீட்டுக்கு வருடா வருடம் பணம் கட்டி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மனையும் சொந்தமானால் அசையாச் சொத்து என்று குறிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, நிலத்தோடு சேர்த்து வரி கட்டலாம். கலிபோர்னியா 1980-களின் தொடக்கத்தில் இந்த வேலையை மோட்டார் வாகனத் துறையிடமிருந்து எடுத்து வீட்டு வசதித் துறையிடம் கொடுத்தது. டெக்சஸில் வீட்டு வசதித் துறை 'உரிமை அறிக்கை' ஒன்று கொடுக்கிறது. அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று உரிமையாளர் அதில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டியை வீடாக மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. பொதுவாக, நிலம் சொந்தமாக அல்லது நீண்ட குத்தகையில் இருக்க வேண்டும். நிரந்தர அஸ்திவாரம் போட வேண்டும். வரி பாக்கி இருக்கக் கூடாது. கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். பிறகு டைட்டிலை மாநிலத்திடம் ஒப்படைத்து ரத்து செய்து, வீடு நிலத்தோடு சேர்ந்துவிட்டது என்று உறுதிமொழி எழுதி, மாவட்ட நிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அன்றைக்குத்தான் அந்த வீடு சட்டப்படி வீடாகிறது. 1804-இல் படகிலிருந்த ஆலையைத் தூக்கித் தூண்மேல் வைப்பதுபோல.

இது வெறும் காகித விளையாட்டா? இல்லை. வீட்டோடு நிலத்தையும் அடமானம் வைத்தால் கிடைக்கும் கடனுக்கு வட்டி குறைவு, 30 வருடம் வரை தவணை. வீடு வண்டியாக நின்றால் கிடைப்பது அசையும் பொருள் கடன். வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. தவணை தவறினால் வீட்டு அடமானத்துக்கு உள்ள நோட்டீஸ், அவகாசம், கோர்ட் நடைமுறை எல்லாம் பல மாநிலங்களில் இதற்குக் கிடையாது. காரை ஜப்தி செய்வதுபோல வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்தவர்கள். நிலம் வாங்க முடியாமல்தான் வாடகை மனையில் வீட்டை நிறுத்துகிறார்கள். நிலம் இல்லாததால் வீட்டை அசையாச் சொத்தாக மாற்ற முடிவதில்லை. மனைக்காரர் வாடகையை ஏற்றினால், வண்டி என்று சட்டம் சொல்கிற அந்த வீட்டை இழுத்துக்கொண்டு போகவும் முடிவதில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன மாநிலத்தில் நிலம் யாருடையதாக இருந்தாலும், இவ்வகை வீட்டை ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம் இணைத்துவிட்டால் அது அசையாச் சொத்து. விற்பனைக்கு நிலப் பத்திரம் போலவே பத்திரம் எழுதிப் பதிகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

காகிதத்தின் வலி அதிகமாகத் தெரிவது புயல் அடித்த பிறகுதான். தெற்கு மாநிலங்களில் இந்த வீடுகள் அப்பாவிடமிருந்து மகளுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு வாய்ப்பேச்சிலேயே கைமாறுகின்றன. காரைப் பெயர் மாற்றாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். நின்ற இடத்தில் நிற்கும் வீட்டை யார் பிடிக்கப் போகிறார்கள்? டைட்டில் இறந்துபோன தாத்தா பெயரிலேயே அலமாரியில் கிடக்கும், அல்லது கிடக்கவே கிடக்காது. சூறாவளி வந்து வீட்டைப் புரட்டிப் போட்டதும் அரசின் பேரிடர் உதவி கேட்டுப் போவார்கள். முதல் கேள்வி: வீடு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் எங்கே? இருபது வருடம் குடியிருந்தவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார்கள்.

பல புயல்களுக்குப் பிறகு, 2021-இல்தான் அமெரிக்கக் கூட்டாட்சிப் பேரிடர் உதவி அமைப்பு இந்த விதியைத் தளர்த்தியது. ஏற்கும் ஆவணங்களின் பட்டியலை நீட்டியது. இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களும், பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் இருப்பவர்களும் வேறு ஆதாரம் இல்லாதபோது, வீடு தங்களுடையது என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னது. அரசாங்கக் கோப்பில் சாமானியனின் சொல்லை ஆதாரமாக ஏற்பது எவ்வளவு அபூர்வம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது உதவித் தொகைக்கு மட்டும். அந்த வீட்டை விற்கவோ, அதன்மேல் கடன் வாங்கவோ போனால் டைட்டில் கேட்பார்கள், தாத்தாவின் கையெழுத்துக் கேட்பார்கள்.

நம் ஊரிலும் தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் ஆர்.சி. என்று அலமாரிக்குள் கிடக்கும் வீடுகள் ஏராளம். வாகன உரிமையாளர் காலமானால் வாரிசு பெயருக்கு மாற்ற ஃபாரம் 31 என்று ஒன்று இருக்கிறது. இறப்புச் சான்றும் மற்ற ஆவணங்களும் சேர்த்துக் கொடுத்தால் ஆகிற வேலைதான். கோர்ட்டோ விபத்தோ புயலோ கேட்கும் முன்னால், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி அதை முடித்துவிடுங்கள்.